ஆறு நிமிஷத்துக்கு ஒரு விலை

வக்கீல் ஆபீஸிலிருந்து வந்த கடிதம் ஆறு பக்கம் இருந்தது. ஜில் மெட்ஃபோர்த் அதைத் தன் மீன் பொரிக்கும் கடையின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே மூன்று தடவை படித்தாள். முதல் தடவை கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை அதுவும் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் விதர்ன்சீயில் அக்டோபர் பிறந்தால் கடற்காற்று எந்த வீட்டையும் சும்மா விடாது. கடையின் பின்கதவு தானாகவே திறந்து மூடிக்கொண்டிருந்தது. தோல் சீவும் இயந்திரத்தில் உருளைக்கிழங்கு உருண்டு கடகடத்தது. இயந்திரம் தோலைத்தான் எடுக்கும். கிழங்கின் கண்களைக் கத்தியால் ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டும். அந்த வேலையை அவள் அக்கா மாக்சின் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள். இருபது வருஷமாக அந்தக் கடையில் அவர்கள் இருவரும்தான்.

"மொத்தம் எவ்வளவுனு போட்டிருக்கா?" என்று மாக்சின் கேட்டாள்.

"போடல."

"ஆறு பக்கத்துலயும் போடலையா?"

"எவ்வளவு ஆகலாம்னு போட்டிருக்கு. அவ்வளவு ஆகாமலும் போகலாம்னு போட்டிருக்கு. மணிக்கு இருநூத்தி நாப்பது பவுண்டு. அதுக்கு மேல வரி. ஆறு நிமிஷம் ஒரு யூனிட்டாம். ஏழு நிமிஷம் பேசினா ரெண்டு யூனிட்."

"அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டா?"

"அதுவும் ஒரு யூனிட்தான்."

"ஹலோ சொல்லிட்டு வச்சிட்டா?"

"மாக்சின், நீ கிழங்கைப் பாரு."

ஜில்லுக்கு ஐம்பத்தேழு வயது. அவள் புருஷன் நெவில் முப்பது வருஷம் தீயணைப்பு வீரனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற பிறகு அவன் வீட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் பேசவில்லை. அவள் காலையில் கடைக்குப் போவாள், இரவு கொழுப்பு வாடையோடு வருவாள், அவன் தொலைக்காட்சி முன்னால் அப்படியே இருப்பான். இரண்டு வருஷம் அப்படிப் போனது. ஒரு நாள் கெட்டிலையும் ரேடியோவையும் எடுத்துக்கொண்டு, ஊருக்குத் தெற்கே கடலோரம் அவர்கள் விடுமுறைக்கென்று வாங்கிப் போட்டிருந்த காரவன் என்ற சக்கர வீட்டுக்குப் போய்விட்டான். வேறு பெண் யாரும் இல்லை. இருந்திருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும் என்று ஜில் சொல்லுவாள்.

விவாகரத்து சுலபமாகவே நடந்தது. கம்ப்யூட்டரில் நிரப்பி அனுப்பினார்கள். மிச்சம் இருந்தது சொத்துப் பிரிவினை மட்டும். அதற்கும் நெவில் நூலகத்தில் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் டைப் அடித்து, கையெழுத்தும் போட்டு அனுப்பியிருந்தான். வீடு ஜில்லுக்கு. கடை ஜில்லுக்கு. காரவன் எனக்கு. பென்ஷன் எனக்கு. அவ்வளவுதான்.

"இதுக்கு எதுக்கு வக்கீல்?" என்று மாக்சின் கேட்டாள்.

"கோர்ட்டு முத்திரை இல்லாட்டி இது வெறும் காகிதமாம். இன்னும் பத்து வருஷம் கழிச்சுக்கூட ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸ் போடலாமாம்."

"நெவிலா? பால்காரன் பில்லைக்கூட எதுத்துக் கேக்காதவன்."

ஜில் கடிதத்தை மடித்து ஏப்ரன் பையில் வைத்தாள். மீன் பொரிப்பதற்கான மாட்டுக்கொழுப்புக் கட்டிகளைப் பிரித்து ஒவ்வொன்றாக வாணலியில் இறக்கினாள். பதினொன்றரைக்குக் கடை திறக்க வேண்டும்.

வக்கீல் ஆபீஸ் ஹல் நகரத்தில் இருந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வழி நெடுக ஈரமான கோஸ் வயல்கள். வக்கீல் மிஸஸ் டென்பிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல சளி பிடித்திருந்தது. மேசை மேல் ஒரு டப்பா நிறைய டிஷ்யூ. முதல் அரைமணி நேரத்துக்குக் காசில்லை என்று சொல்லியிருந்ததால் ஜில் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மொத்தம் எவ்வளவு?"

"அது நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு தூரம் ஒத்துப்போறீங்கங்கறதைப் பொறுத்தது, மிஸஸ் மெட்ஃபோர்த்."

"என் கடைக்கு ஒருத்தர் வந்து மீனும் சிப்ஸும் எவ்வளவுனு கேட்டா, அது நீங்க எப்படி மென்னு தின்னுறீங்கங்கறதைப் பொறுத்ததுனு நான் சொல்றதில்ல."

மிஸஸ் டென்பி சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாவு வீட்டுக்குச் சாப்பாடு வேணும்னு யாராவது உங்களுக்குப் போன் பண்ணா என்ன சொல்வீங்க?"

"எத்தனை பேருனு கேப்பேன்."

"அவங்களுக்கே தெரியலன்னா?"

ஜில் யோசித்தாள். "அம்பது பேருக்கு ஒரு விலை சொல்வேன். அதுக்கு மேல வந்தா ஆளுக்கு இவ்வளவுனு சொல்வேன்."

"அந்த ஆறு பக்கத்துலயும் அதைத்தான் எழுதியிருக்கேன்."

"அப்ப அதை அரைப் பக்கத்துல எழுதியிருக்கலாமே."

"எழுதலாம். எங்களுக்குனு இருக்கிற விதிமுறை விடமாட்டேங்குது." மிஸஸ் டென்பி நெவிலின் பக்கத்தைக் கையில் எடுத்தாள். "இதை அப்படியே உத்தரவா எழுதி, கூட ஒரு படிவமும் நிரப்பி, கோர்ட்டுக்கு அனுப்பணும்னா எழுநூத்தம்பது. வரியும் கோர்ட்டுக் கட்டணமும் தனி. நீங்க கேக்கற மொத்த விலை அதுதான். ஆனா அது எழுதிக் குடுக்கறதுக்கான கூலி. இது உங்களுக்கு நல்லதா கெட்டதானு சொல்றதுக்கான கூலி அதுல இல்ல."

"நல்லதா கெட்டதானு நான் கேக்கவே இல்லையே."

"கேக்கல. சரி, பென்ஷனோட மதிப்பு எவ்வளவுனு தெரியுமா?"

"மாசாமாசம் அவனுக்கு வருது. அது அவனோடது."

"மதிப்பைக் கேட்டேன்."

"தெரியாது."

"அவருக்குத் தெரியுமா?"

"அவனுக்குத் தன் சட்டை சைஸே தெரியாது."

"அப்ப ரெண்டு பேருமே பெட்டியைத் திறந்து பாக்காம பங்கு பிரிச்சிருக்கீங்க."

ஜில்லுக்கு எரிச்சலாக வந்தது. வக்கீல் சொன்னது சரியாக இருந்ததுதான் அந்த எரிச்சலுக்குக் காரணம். "திறந்து பாக்கறதுக்கு எத்தனை யூனிட்?"

"அவரே எழுதிக் கேட்டா பென்ஷன் ஆபீஸ்ல மதிப்புப் போட்டு அனுப்புவாங்க. அவரைக் கேக்கச் சொல்லி நான் ஒரு கடுதாசி போடணும். ஒரு யூனிட். அவர் கண்டுக்கலன்னா இன்னொரு கடுதாசி."

நெவில் கண்டுகொள்ளவில்லை.

ஆறு வாரம் கழித்து முதல் பில் வந்தது. மூன்று கடிதம், நாலு போன் பேச்சு, பதினோரு யூனிட். முந்நூற்றுப் பதினாறு பவுண்டு எண்பது பென்ஸ். அதில் ஒரு போன் மட்டும் மூன்று யூனிட். பென்ஷன் பற்றிக் கேட்க எடுத்த போன் அது. கேட்டு முடிக்க மூன்று நிமிஷம். மிச்சப் பதினான்கு நிமிஷமும் செலவு ஏன் இவ்வளவு ஆகிறது என்று ஜில் புலம்பியது.

மாக்சின் பில்லைத் தூரப் பிடித்துப் படித்தாள். "செலவு ஜாஸ்தியா இருக்குனு சொல்றதுக்கு எண்பது பவுண்டு செலவு பண்ணியிருக்க."

"தெரியுது."

"என்கிட்ட புலம்பியிருந்தா சும்மா கேட்டிருப்பேனே."

"நீ எங்க கேக்கற? நடுவுல பேசற."

மிஸஸ் டென்பியும் இதையே வேறு மாதிரி எழுதியிருந்தாள். போன் செய்ய வேண்டாம். கேள்விகளை எல்லாம் சேர்த்து வைத்து வாரம் ஒரு முறை ஒரே மெயிலில் அனுப்புங்கள். படிவத்துக்கு வேண்டிய காகிதங்களை நீங்களே தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுவாருங்கள். நான் அடுக்கினால் அதற்கும் விலை. ஜில் அன்றைக்கே கல்லாவுக்கு மேலே ஒரு நோட்டை ஆணியில் தொங்கவிட்டாள். கேள்வி தோன்றும்போதெல்லாம் அதில் எழுதினாள். வாரக் கடைசியில் பார்த்தால் பாதிக்கு அவளுக்கே பதில் தெரிந்திருக்கும். அவற்றை அடித்துவிட்டு மிச்சத்தை அனுப்புவாள்.

ஆனாலும் நெவில் பதில் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லாத நாள், அவளே கிளம்பிப் போனாள்.

மழை பக்கவாட்டில் அடித்தது. சீசன் முடிந்து காரவன்கள் எல்லாம் திரை போட்டுக் கிடந்தன. நெவிலின் காரவனில் மட்டும் வெளிச்சம். உள்ளே பன்றி இறைச்சி வறுத்த வாசனையும் ஈரக் காலுறை வாசனையும். அவன் கொஞ்சம் இளைத்திருந்தான். ரேடியோவை அணைத்தான்.

"டீ குடிக்கிறியா?"

"கெட்டிலுக்கு அடியில என்ன?"

மூன்று உறைகள். ஒன்றையும் பிரிக்கவில்லை. மேலே வட்டமாக ஈரக் கறை.

"ஒரு கடுதாசி இருபத்தெட்டு பவுண்டு எண்பது பென்ஸ், நெவில். பிரிக்காம அது மேல கெட்டில் வச்சிருக்க."

"நான் அனுப்பச் சொல்லலையே."

"நீ பிரிக்காததாலதான் அடுத்தது வருது."

"ஒரு பக்கம் தெளிவா எழுதிக் குடுத்தேன். அதுல என்ன குறை?"

"சட்டப்படி அது செல்லாதாம். நாளைக்கு உனக்கு லாட்டரி விழுந்தா நான் பங்கு கேக்கலாம்."

"நான் லாட்டரி வாங்கறதில்ல."

"நெவில்."

அவன் டீயை ஊற்றினான். பால் அதிகம் சேராத டீ, அவளுக்குப் பிடித்த அளவு சர்க்கரை. அதைக் கேட்காமலே போட்டான். "அது என் பென்ஷன் ஜில். நெருப்புக்குள்ள போனது நான். முப்பது வருஷம்."

"போன. யாரு இல்லங்கறா."

"அப்புறம் என்ன?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குரல் தணிந்தது. "இங்க பாரு கண்ணு. நீ ஒரு வக்கீல், நான் ஒரு வக்கீல்னு போனா ஆளுக்கு ரெண்டாயிரம் அழுதுட்டு வருவோம். அந்தக் காசுல வீட்டுக் கூரையைச் சரி பண்ணலாம். கிழக்குப் பக்கம் இன்னும் ஒழுகுதா?"

"ஒழுகுது."

"நானே வந்து பண்ணித் தரேன். நான் எழுதின அந்தப் பக்கத்துல கையெழுத்துப் போடு. முடிஞ்சுது."

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. கையெழுத்துப் போட்டால் கல்லாவுக்கு மேலே தொங்கும் நோட்டு வேண்டாம், ஹல் பஸ் வேண்டாம், மிஸஸ் டென்பியின் சளி வேண்டாம். அவள் பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். மேசைக்குக் கிட்டே போக நாற்காலியை முன்னால் இழுத்தபோது வலது முழங்கால் சுள்ளென்றது. இன்னும் மூன்று வருஷத்தில் கடையின் குத்தகை முடிகிறது. அதற்குப் பிறகு எட்டு மணி நேரம் அந்தக் கால் மேல் நிற்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். தனக்கென்று சேர்ந்த பென்ஷன், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த சில வருஷத்துக்கு வாரம் பதினேழு பவுண்டு.

"எவ்வளவுனு தெரியாம நான் போடமாட்டேன்," என்றாள். "வேணாம்னு சொல்றதா இருந்தாலும், எவ்வளவை வேணாம்கறேன்னு எனக்குத் தெரியணும். நீ கடுதாசிக்குள்ள இருக்கற இந்த மதிப்புக் கேக்கற படிவத்துல போடு முதல்ல."

"பிடிவாதக்காரி."

"போடு."

போட்டான். அவளே உறையில் வைத்து ஒட்டி, திரும்பி வரும் வழியில் தபால் பெட்டியில் போட்டாள். அவனிடம் கொடுத்திருந்தால் அதுவும் கெட்டிலுக்கு அடியில் போயிருக்கும்.

ஜனவரி முடிவில் மதிப்பு வந்தது. வீடு ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் பவுண்டு போகும் என்று ஏற்கெனவே தெரியும். பென்ஷன் மூன்று லட்சத்து எண்பதாயிரம். ஜில் பூஜ்யங்களை விரலால் எண்ணினாள்.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் நெவில் கடைக்கு வந்தான். காரவன் இடத்தை ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மூடிவிடுவார்கள் என்பதால் அவன் அண்ணன் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டிருந்தான். தலைமுடி ஒரு பக்கம் அழுந்தியிருந்தது. மாக்சின் அவனைப் பார்த்ததும் முன்பக்கம் போய், துடைத்த கவுண்டரையே மறுபடி துடைத்தாள். அவன் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, கத்தியை எடுத்து, கேட்காமலே கிழங்குக் கண்களைத் தோண்ட ஆரம்பித்தான்.

"நானும் ஒரு வக்கீலைப் பாத்தேன்," என்றான்.

"எவ்வளவு?"

"அரைமணி நேரம் சும்மானான். முப்பத்தோராவது நிமிஷம் கடிகாரத்தைப் பாத்தான்." ஒரு கிழங்கை வாளியில் போட்டான். "சண்டை போட்டுக் கோர்ட்டுக்குப் போனா ஆளுக்குப் பதினஞ்சாயிரம் ஆகும்னான். போயும் ஜட்ஜ் உனக்குப் பாதி குடுத்தாலும் குடுப்பாராம். எனக்குத் தெரியாது ஜில், அது அவ்வளவு பெரிய தொகைன்னு. உன்னை ஏமாத்தணும்னு எழுதல."

"தெரியும். ஏமாத்தறதுக்கும் கணக்குத் தெரியணும்."

அவன் சிரிக்கவில்லை. "எனக்கு அந்த வீடு வேணாம். அதுல என்னால உக்கார முடியாது. நீ வச்சுக்க. பென்ஷன்ல என்ன கேக்கற?"

"நீ என்ன குடுக்கற?"

"நால்ல ஒண்ணு."

"பாதினு உன் வக்கீலே சொல்லியிருக்கான்."

"வீடு முழுசும் உனக்குத்தானே வருது."

மீனை வெட்டிக்கொண்டே அவள் பேசினாள். அவன் கிழங்கைத் தோண்டிக்கொண்டே பேசினான். இரண்டு முறை குரல் உயர்ந்தது. ஒரு முறை அவன் கத்தியை வைத்துவிட்டுக் கதவு வரை போய்த் திரும்பி வந்தான். இரண்டு மூட்டை முடியும்போது மூன்றில் ஒரு பங்கில் வந்து நின்றது. அறுபது வயதிலிருந்து அவள் பேருக்கே மாதாமாதம் வரும். முப்பத்தைந்து வருஷத்தில் அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை என்று மாக்சின் பிறகு சொன்னாள்.

மிஸஸ் டென்பிக்குத் திருப்தியில்லை. "கோர்ட்டுக்குப் போனா இதைவிடக் கூடவே கிடைக்க வாய்ப்பிருக்கு."

"பதினஞ்சாயிரம் செலவு பண்ணிட்டா?"

"அதையும் கணக்குல எடுத்துக்கிட்டா ரொம்ப வித்தியாசம் இருக்காது. ஆனா நான் சொல்லியும் நீங்க கம்மியா ஒத்துக்கிட்டீங்கனு ஒரு கடுதாசி எழுதி உங்களுக்கு அனுப்பணும். ரெண்டு யூனிட்."

"நீங்க சொன்னதை நான் கேக்கலன்னு எனக்கே எழுதறதுக்கு நான் காசு குடுக்கணுமா?"

"நாளைக்கு உங்க பிள்ளைங்க வந்து, எங்கம்மாவுக்கு ஏன் பாதி வாங்கித் தரலன்னு கேட்டா நான் எதைக் காட்டறது?"

ஜில் கொடுத்தாள். உத்தரவு எழுதினார்கள், படிவம் நிரப்பினார்கள், இருவரும் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டுக்குப் போனது. முடிந்தது என்று நினைத்து அவள் ஆணியிலிருந்து நோட்டை எடுத்துக் குப்பையில் போட்டாள். ஏப்ரலில், ஈஸ்டர் கூட்டம் கடையில் வரிசை கட்டி நிற்கும் வாரத்தில், அது திரும்பி வந்தது.

ஜட்ஜ் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். கணவருக்குக் குடியிருக்க வீடு இல்லை. காரவனில் ஆண்டு முழுவதும் இருக்க முடியாது. அப்படியிருக்க வீடு முழுவதும், பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கும் மனைவிக்குப் போவது எப்படி நியாயம் என்று இருவரும் விளக்க வேண்டும்.

ஜில் அன்று விதியை மீறி மிஸஸ் டென்பிக்குப் போன் செய்தாள். "நீங்க கம்மிங்கறீங்க. ஜட்ஜ் அதிகம்கறாரு. இதுல யாருக்கு நான் காசு குடுத்தேன்?"

"கேக்கறது அவர் வேலை. நான் பதில் எழுதினா எட்டு யூனிட் ஆகும். நீங்க ரெண்டு பேரும் உங்க வார்த்தையிலேயே எழுதி, நான் பாத்து அனுப்பினா ஒண்ணு."

"நெவிலா எழுதறது? பிறந்தநாள் கார்டுலகூட பேரு மட்டும்தான் போடுவான்."

"கேள்வி அவருக்கு வீடு இல்லங்கறதைப் பத்தி. அவர்தான் எழுதணும்," என்றாள் மிஸஸ் டென்பி. ஐந்து நிமிஷத்துக்குள் போனை வைத்துவிட்டாள்.

நெவில் மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தான். மதியக் கூட்டம் ஓய்ந்து, மாலைக் கூட்டம் தொடங்காத நேரம். மசித்த கிழங்கில் சேஜ் என்ற வாசனை இலை போட்டுத் தட்டிப் பொரித்தது ஒன்றை அவன் முன்னால் வைத்துவிட்டு ஜில் வாணலிக் கொழுப்பை வடிகட்டப் போனாள். அவன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மீன் பொட்டலம் கட்டும் வெள்ளைத் தாள் ஒன்றில் எழுதத் தொடங்கினான். அரைமணி நேரம் எழுதினான். மாக்சின் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். அவன் கையால் மறைத்தான். பொரித்தது ஆறிப்போனது. அந்தத் தாளில் இருந்ததைத்தான் நல்ல காகிதத்தில் எழுதி அனுப்பினார்கள். மே மாதம் உத்தரவு முத்திரையோடு வந்துவிட்டது. ஆனால் முதலில் அந்தத் தாளைப் படித்தவள் ஜில்தான், கையில் கொழுப்போடு, நின்றபடியே.

ஐயா, நான் நாலு நாளுக்கு ஒரு தடவை இரவு வேலைக்குப் போனேன். அதனால் ஜில் வீட்டில் பிள்ளைகளோடு இருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் மேலாளர் வேலை கொடுத்தார்கள். என் ஷிஃப்ட்டுக்கு ஒத்துவரவில்லை என்று வேண்டாம் என்றாள். அதற்கு நல்ல பென்ஷன் உண்டு. 2009-ல் ஒரு கிடங்குத் தீயில் கூரை விழுந்து நான் ஏழு மாதம் படுத்திருந்தேன். தினமும் காலையில் என்னைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துவிட்டு அவள் கடை திறக்கப் போவாள். நடுவில் ஓடி வந்து பார்ப்பாள். நான் திரும்ப வேலைக்குப் போகமாட்டேன் என்று சொன்னேன். அவள்தான் போக வைத்தாள். போனதால்தான் முப்பது வருஷம் நிறைந்தது. எனக்கு வாடகைக்கு ஒரு ஃப்ளாட் பார்த்துவிட்டேன், மிச்ச பென்ஷனில் கட்டிவிடலாம். யாரும் என்னை மிரட்டவில்லை. இது நியாயம்.

ஜில் படித்து முடித்தாள். மறுபடி நடுவிலிருந்து படித்தாள்.

"ஏழு மாசம் இல்ல," என்றாள்.

"என்ன?"

"ஏழு மாசம் இல்ல நெவில். பதினோரு மாசம். பிப்ரவரியில படுக்கையில விழுந்த. புது வருஷத்துக்கு அப்புறம்தான் வேலைக்குப் போன."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "பதினொண்ணா?"

"பதினொண்ணு."

அவன் தாளை வாங்கி ஏழு என்பதை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினான். எழுதிவிட்டு அந்தப் பதினொன்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குக் காரவன்ல நான் நெருப்பு நெருப்புனு பேசிட்டிருந்தேனே. அப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே."

"அன்னிக்கு நீ கேக்கல," என்றாள் ஜில். "ஜட்ஜ்தான் கேட்டாரு."

வெளியே யாரோ கதவை ஆட்டிப் பார்த்தார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.